வீட்டில் எர்த் இருக்கா? ஒருமுறை பார்த்துவிடுங்கள்

பிரிட்ஜ் கதவைத் திறக்கும்போது விரலில் லேசாக ‘சுர்’ரென்று இருக்கிறதா? வாஷிங் மெஷின் மேல் ஈரக் கையை வைத்தால் கை தானாகப் பின்னால் வருகிறதா? குளிக்கும்போது குழாயைத் தொட்டால் மெல்லிய அதிர்வு தெரிகிறதா? “அது எப்பவும் அப்படித்தாங்க. செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் பண்ணாது” என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். அப்படியென்றால், இன்று உங்களுக்கும் விபத்துக்கும் நடுவில் இருப்பது அந்தச் செருப்பு ஒன்றுதான்.

லேசான ஷாக் என்பது வீட்டு வயரிங் தரும் முன்னெச்சரிக்கை. எங்கோ மின்சாரம் கசிகிறது, அது பத்திரமாக இறங்கிப் போக வழி இல்லை என்று அர்த்தம். அந்த வழிக்குத்தான் ‘எர்த்’ என்று பெயர். அது என்ன செய்கிறது, எப்படிக் காணாமல் போகிறது, நாமே எதைப் பார்க்கலாம், எதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும், எதற்கு மின்வாரியத்தை அழைக்க வேண்டும் என்று வரிசையாகப் பார்ப்போம்.

கோட்டூர்புரத்தை வைத்தே பார்ப்போமே

அடையாற்றின் தென்கரையில் இருக்கும் கோட்டூர்புரத்தை ஒருமுறை சுற்றி வந்தால், சென்னையின் எல்லா வகை வீடுகளையும் பார்த்துவிடலாம். ஆற்றை ஒட்டிய பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகள், வீட்டு வசதி வாரியக் காலத்து வீடுகள், தனி வீடுகள், அவற்றை இடித்துக் கட்டிய புதிய பிளாட்டுகள் என எல்லாமே இங்கே உண்டு. பழைய வீடுகளுக்கு வயரிங் செய்த நாளில் ஒரு வீட்டுக்குத் தேவைப்பட்டது நாலு டியூப்லைட், இரண்டு ஃபேன், ஒரு ரேடியோ, மிஞ்சினால் ஒரு மிக்ஸி. இன்று அதே சுவருக்குள் ஓடும் அதே வயரில் ஏ.சி., கீசர், இண்டக்ஷன் அடுப்பு, வாஷிங் மெஷின், ஆர்.ஓ. எல்லாம் ஓடுகின்றன. கீழே பார்க்கிங்கில் மின்சார ஸ்கூட்டர் வேறு சார்ஜ் ஆகிறது.

இதோடு வெள்ளமும் சேர்ந்துகொள்கிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரையைத் தாண்டி ஊருக்குள் வந்தபோது, பெரிய பாதிப்பைச் சந்தித்த பகுதிகளில் கோட்டூர்புரமும் ஒன்று. தெருவில் படகு ஓடியது. தரைத்தள வீடுகளில் பிளக் பாயிண்டுகளும் சுவிட்ச் போர்டுகளும் தண்ணீருக்குள் போயின. தண்ணீர் வடிந்ததும் சுவருக்கு வெள்ளை அடித்தோம், தரையைக் கழுவினோம். சுவருக்குள் இருந்த வயர், மண்ணுக்குள் இருந்த எர்த் குழாய், தண்ணீர் ஏறிய ஜங்ஷன் பெட்டி ஆகியவற்றை எத்தனை பேர் சோதித்திருப்போம்?

இது பயமுறுத்துவதற்காகச் சொல்வது அல்ல. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, இந்தியாவில் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி இறந்திருக்கிறார்கள். வயல், தெரு, தொழிற்சாலை, வீடு எல்லாம் சேர்ந்த கணக்கு இது. இதில் வீட்டுக்குள் நடப்பவற்றில் பலவற்றை ஒழுங்கான எர்த்தும் ஒரு சிறிய டிரிப் சுவிட்சும் தடுத்துவிடும்.

மூன்று கம்பி, மூன்று வேலை

உங்கள் வீட்டு மூணு பின் பிளக்கை எடுத்துப் பாருங்கள். கீழே இரண்டு பின், மேலே தடியாகவும் நீளமாகவும் ஒன்று. கீழே உள்ள இரண்டில் ஒன்று ஃபேஸ். அதில்தான் 230 வோல்ட் வருகிறது. மற்றது நியூட்ரல். வந்த மின்சாரம் வேலையை முடித்துவிட்டுத் திரும்பிப் போகும் வழி அது. மேலே உள்ள தடித்த பின்தான் எர்த்.

எல்லாம் சரியாக இருக்கும்போது எர்த் கம்பியில் மின்சாரம் ஓடாது. அது சும்மாதான் காத்திருக்கும். பிரிட்ஜுக்குள் ஒரு வயரின் மேலுறை தேய்ந்து, ஃபேஸ் கம்பி இரும்புக் கூட்டில் பட்டுவிட்டால், அப்போதுதான் அதற்கு வேலை. கூட்டில் ஏறிய மின்சாரத்தை அது நேராக மண்ணுக்கு இறக்கிவிடும். எர்த் இல்லாவிட்டால் அந்த மின்சாரம் கூட்டிலேயே காத்திருக்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கதவைத் திறப்பவரின் உடம்புதான் மண்ணுக்குப் போகும் வழியாகிவிடும்.

எர்த் பின் நீளமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பிளக்கைச் செருகும்போது முதலில் எர்த் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும். ஃபேஸ் துளைக்குள் தவறிக்கூட நுழையக் கூடாது என்பதற்காகத்தான் அது தடியாக இருக்கிறது. இவ்வளவு யோசித்து வைத்த பின்னை, “பாயிண்ட்ல சேரல” என்று நாம் உடைத்துவிடுகிறோம்.

எவ்வளவு மின்சாரம் ஆபத்து?

மின்சாரம் உடம்பில் ஓடும் அளவை மில்லி ஆம்பியரில் சொல்வார்கள். 1 மில்லி ஆம்பியர் அளவில் லேசான சுருக்கு தெரியும். 10 மில்லி ஆம்பியரை நெருங்கும்போது தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். “கரண்ட் இழுத்துப் பிடிச்சுக்கிச்சு” என்று சொல்வது இதைத்தான். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டி, அது சற்று நேரம் நீடித்தால் மூச்சும் இதயத் துடிப்பும் தடுமாறத் தொடங்கும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஈர உடம்பின் மின்தடை ஏறக்குறைய 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டை 1,000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். ஆபத்தான எல்லையைப் போல ஏழு மடங்குக்கும் மேல். ஒரு பழைய 60 வாட் குண்டு பல்பு எரியத் தேவையான மின்சாரமும் கிட்டத்தட்ட இவ்வளவுதான். ஆளைக் கொல்லப் பெரிய மின்சாரம் தேவையில்லை.

அதே வீட்டில் அப்பாவுக்கு லேசாகவும் குழந்தைக்குப் பலமாகவும் ஷாக் அடிப்பது ஏன் என்பதும் இதிலிருந்தே புரியும். செருப்பு, காய்ந்த தரை, காய்ந்த கை எல்லாம் மின்தடையை ஏற்றுகின்றன. ஈரமும் வெறுங்காலும் அதைக் குறைக்கின்றன. கசிவு அதேதான், தொடுபவரின் நிலைதான் மாறுகிறது.

எர்த் எப்படிக் காணாமல் போகிறது?

“எங்க வீட்ல எர்த் இருக்குங்க, கட்டும்போதே போட்டாச்சு” என்று சொல்பவர்கள்தான் அதிகம். போட்டிருப்பார்கள். இன்றும் அது வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. விளக்கும் ஃபேனும் எர்த் இல்லாமலேயே நன்றாக ஓடும் என்பதால், எர்த் அறுந்தது யாருக்கும் தெரிவதில்லை. வழக்கமாக நடப்பவை இவை:

1. தண்ணீர்க் குழாயில் கட்டிய எர்த். பழைய வீடுகளில் எர்த் கம்பியை இரும்புத் தண்ணீர்க் குழாயில் சுற்றிவிடுவது வழக்கமாக இருந்தது. பிறகு துருப்பிடித்த குழாயை எடுத்துவிட்டு பி.வி.சி. குழாய் போட்டோம். பிளாஸ்டிக்கில் மின்சாரம் போகாது. பிளம்பர் வந்து போன அன்றே எர்த்தும் போய்விட்டது. பாதிக் குழாய் இரும்பாகவே இருந்தால் இன்னும் மோசம். கசியும் மின்சாரம் குளியலறைக் குழாய் வரை வந்து நிற்கும்.

2. மண்ணுக்குள் அரித்த குழாய். எர்த் குழியில் பதிப்பது பெரும்பாலும் 2.5 மீட்டர் நீள இரும்புக் குழாய். அதைச் சுற்றிக் கரியும் உப்பும் போடுவார்கள். ஆண்டுகள் ஓட ஓட உப்பும் ஈரமும் குழாயை அரித்துவிடும். கம்பியை இறுக்கிய போல்ட் துருப்பிடித்துக் கழன்றுவிடும். சில இடங்களில் பார்க்கிங்குக்கு டைல்ஸ் போடும்போது எர்த் குழியையே மூடிவிடுகிறார்கள்.

3. இரண்டு பின் பழக்கம். மூணு பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகினால் எர்த் அங்கேயே நின்றுவிடும். மலிவான எக்ஸ்டென்ஷன் பெட்டிகள் சிலவற்றில் மூன்று துளை இருக்கும், உள்ளே வரும் வயரிலோ இரண்டு கம்பிதான் இருக்கும்.

4. நியூட்ரல் ‘லூப்’. இதுதான் எல்லாவற்றையும் விட ஆபத்தானது. எர்த் இல்லாத வீட்டில், பிளக் பாயிண்டுக்குள்ளேயே நியூட்ரலில் இருந்து ஒரு துண்டு வயரை எடுத்து எர்த் துளையில் கட்டிவிடுவது. சோதனை விளக்கு வைத்தால் எரியும், “எர்த் சூப்பரா இருக்கு” என்று சொல்லிவிடலாம். ஆனால் என்றாவது நியூட்ரல் அறுந்தால், பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் என்று அந்த நியூட்ரலில் இருக்கும் எல்லா இரும்புக் கூடுகளிலும் மின்சாரம் ஏறி நிற்கும். யாராவது உங்களுக்கு இப்படிச் செய்துகொடுக்க முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

5. பாதியில் நின்ற வேலை. புதிதாக ஏ.சி. பாயிண்ட் போடும்போது ஃபேஸ், நியூட்ரல் இரண்டை மட்டும் இழுத்துவிட்டு, பச்சை வயரைச் சுவர்ப் பெட்டிக்குள் மடித்து வைத்துவிடுவது. பார்க்க மூன்று துளையும் இருக்கும். மேல் துளைக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது.

எர்த் இருந்தால் மட்டும் போதுமா?

போதாது. பலருக்குத் தெரியாத விஷயம் இது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் எர்த் குழியின் மின்தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு எர்த்துக்கு இது ரொம்ப மோசமான அளவு இல்லை. பிரிட்ஜ் கூட்டில் ஃபேஸ் பட்டால், 230-ஐ 10-ஆல் வகுக்க, அதிகபட்சம் 23 ஆம்பியர் மண்ணுக்குப் போகும். உங்கள் வீட்டு எம்.சி.பி. 32 ஆம்பியர் என்றால் அது கண்டுகொள்ளாது. ஏனென்றால் எம்.சி.பி.யின் வேலை ஓவர்லோடையும் ஷார்ட் சர்க்யூட்டையும் தடுப்பது, அதாவது வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் பார்ப்பது. பழைய ஃபியூஸ் கட்டையில் கனமான செப்புக் கம்பியைச் சுற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

மனிதர்களைக் காப்பாற்றுவதற்கென்று இருப்பது ஆர்.சி.சி.பி. கடையில் இ.எல்.சி.பி. என்றும் டிரிப் சுவிட்ச் என்றும் கேட்பார்கள். மின்வாரிய அறிவிப்புகளில் ஆர்.சி.டி., உயிர் காக்கும் சாதனம் என்று வரும். எல்லாம் ஒரே வேலைதான்.

அது எப்படி வேலை செய்கிறது? கடைக் கல்லாவில் வரவு செலவு பார்ப்பது மாதிரி. ஃபேஸ் வழியாக எவ்வளவு மின்சாரம் வீட்டுக்குள் போகிறதோ, அவ்வளவும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வர வேண்டும். 5 ஆம்பியர் போய் 5 ஆம்பியர் திரும்பினால் கணக்கு சரி. கொஞ்சம் குறைந்தால், அந்தக் குறைவு வேறு வழியில் மண்ணுக்குப் போகிறது என்று பொருள். அது ஒரு மனித உடம்பாகக்கூட இருக்கலாம். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். கசிவு அதிகமாக இருந்தால் இன்னும் வேகமாகத் துண்டிக்கும். வீட்டு இணைப்புகளுக்கு இந்த எல்லை 30 மில்லி ஆம்பியரைத் தாண்டக் கூடாது என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி. வாங்கும்போது அதன் முகப்பில் ‘30 மில்லி ஆம்பியர்’ என்று இருக்கிறதா, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 100, 300 என்று போட்டிருப்பவை வேறு பயன்பாட்டுக்கானவை.

“ஆர்.சி.சி.பி. இருந்தா எர்த் எதுக்கு?” என்று சிலர் கேட்பார்கள். எர்த்தும் இருந்தால், பிரிட்ஜில் கசிவு வந்த அந்த நொடியே, நீங்கள் தொடுவதற்கு முன்பே டிரிப் ஆகிவிடும். எர்த் இல்லாவிட்டால், நீங்கள் தொட்டு, உங்கள் உடம்பு வழியாக மின்சாரம் ஓடிய பிறகுதான் டிரிப் ஆகும். உயிர் பிழைக்கலாம், ஆனால் ஷாக் அடித்தே தீரும். அதனால் இரண்டும் தேவை.

அதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று இரண்டையும் ஒருவர் பிடித்தால், மண்ணுக்குக் கசிவு இல்லாதவரை ஆர்.சி.சி.பி.க்குத் தெரியாது. ஓவர்லோடையும் அது பார்க்காது. அதற்கு எம்.சி.பி.யும் கூடவே இருக்க வேண்டும்.

அடிக்கடி டிரிப் ஆகிறதா?

“ஒரே தொல்லையா இருக்கு, அதை எடுத்துட்டு டைரக்ட் பண்ணிடுங்க” என்று எலக்ட்ரீஷியனிடம் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து சொல்லாதீர்கள். அது டிரிப் ஆவது எங்கோ கசிவு இருப்பதால்தான். எல்லா பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யைப் போடுங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே வாருங்கள். எதைச் செருகும்போது டிரிப் ஆகிறதோ, அந்தப் பொருளில் கோளாறு. பல வீடுகளில் அது பழைய கீசராகவோ, மாவு வழிந்து உள்ளே இறங்கிய கிரைண்டராகவோ இருக்கும். எல்லாம் பிடுங்கிய பிறகும் நிற்கவில்லை என்றால் கோளாறு வயரிங்கில் இருக்கிறது. எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை காத்திருங்கள்.

ஒரு சின்ன விளக்கம். லேப்டாப்பைச் சார்ஜ் போட்டு உபயோகிக்கும்போது அதன் உலோக மேல்பாகத்தில் மெல்லிய சுணைப்பு தெரிவதுண்டு. சார்ஜருக்குள் இருக்கும் வடிகட்டி வழியாக வரும் மிகச் சிறிய மின்சாரம் அது. பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் மூணு பின் சார்ஜரிலும் அப்படி இருந்தால், அந்தப் பாயிண்டில் எர்த் இல்லையோ என்று சந்தேகப்பட நல்ல காரணம்.

நீங்களே செய்யக்கூடியவை

இதற்கு ஸ்குரூ டிரைவர்கூட வேண்டாம். கையில் உள்ள போன் போதும்.

• டி.பி. பெட்டியைத் திறந்து ஒரு போட்டோ எடுங்கள். ‘டி’ என்ற எழுத்தோ ‘டெஸ்ட்’ என்ற சொல்லோ போட்ட சிறிய பட்டன் இருக்கும் சுவிட்ச் இருக்கிறதா? இருந்தால் அதுதான் ஆர்.சி.சி.பி. இல்லை என்றால் உங்கள் வீட்டில் அது இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

• கரண்ட் இருக்கும்போது அந்தப் பட்டனை அழுத்துங்கள். உடனே ‘டக்’கென்று டிரிப் ஆக வேண்டும். ஆகாவிட்டால் அதை மாற்ற வேண்டும். மாதம் ஒருமுறை இதைச் செய்ய, போனில் ரிமைண்டர் வைத்துக்கொள்ளலாம். இந்தப் பட்டன் சோதிப்பது சாதனத்தை மட்டும்தான். எர்த் இருக்கிறதா என்று அது சொல்லாது.

• எந்தெந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று ஒரு ஸ்டிக்கரில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். அவசரத்தில் வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் உதவும்.

• பழுப்பேறிய, உருகிய, சூடாகும் பிளக் பாயிண்ட், கருகிய வாசனை, ‘பட் பட்’ சத்தம், ஃபேன் போட்டால் மங்கும் விளக்கு ஆகியவற்றைக் கவனியுங்கள். இவை லூஸ் கனெக்ஷனின் அடையாளங்கள்.

• ஏ.சி., கீசர், இண்டக்ஷன் அடுப்பு, மின்சார ஸ்கூட்டர் ஆகியவற்றை எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எர்த் உள்ள தனி 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும்.

• வாளியில் போடும் ஹீட்டர் ராடு இருந்தால், சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். ‘சூடாயிடுச்சா’ என்று விரலை விட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

• துணி காயப்போட இரும்புக் கம்பிக்குப் பதில் நைலான் கயிறு கட்டுங்கள். கொடியின் ஒரு முனை ஜன்னல் கிரில்லிலும் மறு முனை வயர் ஓடும் சுவரிலும் இருக்க வேண்டாம்.

டெஸ்டரை பிரிட்ஜ் மேல் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எரிந்தால் கசிவு இருக்கிறது. எரியாவிட்டால் எல்லாம் சரி என்று முடிவு கட்ட வேண்டாம். சுவிட்ச் போர்டைத் திறப்பது, பிளக் பாயிண்டுக்குள் வயர் விட்டுப் பார்ப்பது, வீடியோ பார்த்து எர்த் கொடுப்பது எல்லாம் உங்கள் வேலை இல்லை.

எலக்ட்ரீஷியன் வரும்போது என்ன கேட்பது?

தகுதிச் சான்று பெற்ற மின்கம்பியாளரையோ, உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரையோ அழையுங்கள். தமிழ்நாட்டில் இந்த உரிமங்களை வழங்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம் கிண்டியில் இயங்குகிறது. சான்றைக் காட்டச் சொல்வதில் தவறில்லை. வந்தவரிடம் இவற்றைக் கேளுங்கள்:

ஒவ்வொரு மூணு பின் பாயிண்டிலும் எர்த் வருகிறதா? நியூட்ரலில் இருந்து லூப் எங்காவது போட்டிருக்கிறதா? நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் எத்தனை வோல்ட் காட்டுகிறது? ஓரிரு வோல்ட் என்றால் சரி. அதிகம் என்றால் காரணம் தேட வேண்டும்.

எர்த் குழியின் மின்தடையை எர்த் டெஸ்டர் வைத்து அளந்து, எத்தனை ஓம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கோடையில் மண் காய்ந்திருக்கும்போது இந்த எண் ஏறும். அதனால் ஏப்ரல், மே மாதத்தில் அளப்பது நல்லது. எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றும் பழக்கமும் இதற்காகத்தான்.

பழைய வயரிங் என்றால் மெகர் கருவியால் 500 வோல்ட்டில் சோதிக்கச் சொல்லுங்கள். குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். அதற்கும் கீழே போனால் வயர் மாற்றும் நேரம் வந்துவிட்டது. மாற்றும்போது விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், ஏ.சி., கீசர் பாயிண்டுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் என்பது நல்ல அளவு. பச்சை வயர் எர்த்துக்கு மட்டுமே. கறுப்பு நியூட்ரலுக்கு. மிச்சம் கிடக்கிறது என்பதற்காகப் பச்சையை ஃபேஸுக்கு உபயோகித்தால், அடுத்து வந்து போர்டைத் திறப்பவர் எர்த் என்று நினைத்துத் தொட்டுவிடுவார்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டு உரிமையாளரிடம் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம். ஒரு ஆர்.சி.சி.பி.யின் விலை பெரும்பாலும் சில ஆயிரம் ரூபாய்க்குள்தான். அடுக்குமாடிகளில் எர்த் குழி பொதுவானது. அதனால் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் லிஃப்ட் பராமரிப்போடு இதையும் ஒரு பொருளாகச் சேருங்கள்.

மழை வருவதற்கு முன்னும் பின்னும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்பே, தரைத்தள வீடுகளில் பிளக் பாயிண்டுகளை முடிந்தவரை உயரத்துக்கு மாற்றுங்கள். மீட்டர் போர்டும் பம்ப் செட்டும் தாழ்வாக இருந்தால், உயர்த்துவது பற்றி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள்.

தண்ணீர் வீட்டுக்குள் வரும் அறிகுறி தெரிந்தால், நீங்கள் காய்ந்த இடத்தில் நிற்கும்போதே மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டரையும் அணைக்க மறக்காதீர்கள். தெருவில் கரண்ட் இல்லாவிட்டாலும் இன்வெர்ட்டர் உங்கள் பாயிண்டுகளுக்கு 230 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். தண்ணீர் ஏற்கெனவே மெயின் வரை வந்துவிட்டால் அதில் இறங்கி சுவிட்சைத் தேடாதீர்கள். மின்வாரியத்துக்குச் சொல்லி வெளியிலிருந்து துண்டிக்கச் செய்யுங்கள்.

தண்ணீர் வடிந்த பிறகுதான் பலர் அவசரப்படுகிறார்கள். நனைந்த பாயிண்டுக்குள் சேறும் ஈரமும் நாள்கணக்கில் இருக்கும். எலக்ட்ரீஷியன் சோதிக்காமல் மெயினைப் போட வேண்டாம். நனைந்த எம்.சி.பி.யையும் ஆர்.சி.சி.பி.யையும் காயவைத்து மறுபடி உபயோகிக்காமல் மாற்றிவிடுங்கள். மோட்டார், பிரிட்ஜ், வாஷிங் மெஷின் ஆகியவற்றை மெக்கானிக் பார்த்த பிறகே ஓட்டுங்கள்.

வெளியே போகும்போதும் கவனம் வேண்டும். 2017 நவம்பர் 1 அன்று சென்னை கொடுங்கையூரில் மழைநீர் தேங்கிய தெருவில், மின்பெட்டி அருகே மின்சாரம் தாக்கி இரண்டு சிறுமிகள் உயிரிழந்தார்கள். மழைக்காலத்தில் மின்பெட்டி, மின்கம்பம், ஸ்டே கம்பி ஆகியவற்றின் அருகே தேங்கிய தண்ணீரில் பிள்ளைகள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். திறந்து கிடக்கும் மின்பெட்டியைப் பார்த்தால் கடந்து போகாமல் ஒரு போன் செய்யுங்கள்.

ஒருவருக்கு ஷாக் அடித்துவிட்டால்

முதலில் அவரைத் தொடாதீர்கள். மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த இடத்தில் நின்று, காய்ந்த மரக்கட்டை அல்லது பிளாஸ்டிக் நாற்காலியால் அவரை மின்சாரத்திலிருந்து தள்ளிவிடுங்கள். வெளியே அறுந்து விழுந்த மின்கம்பி என்றால் கட்டையோடுகூடக் கிட்டே போகாதீர்கள், மின்வாரியம் துண்டிக்கும்வரை விலகி நில்லுங்கள்.

உடனே 108-ஐ அழையுங்கள். மூச்சு இல்லை என்றால் மார்பின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் அழுத்திக்கொண்டே இருங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்த வேண்டாம். எழுந்து உட்கார்ந்து “ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்” என்று சொன்னாலும் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். பலமான ஷாக்குக்குப் பிறகு இதயத் துடிப்பில் கோளாறு தெரிய நேரமாகலாம்.

எதற்கு யாரை அழைப்பது?

நாம் பழக்கத்தில் இ.பி. என்று சொன்னாலும், 2024 முதல் மின் விநியோகத்தைக் கவனிப்பது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். பொதுவாக, மீட்டர் வரை உள்ளது அவர்கள் பொறுப்பு. மீட்டருக்குப் பிறகு வீட்டுக்குள் இருக்கும் வயரிங்கைப் பாதுகாப்பாக வைத்திருப்பது நம் பொறுப்பு.

சில விளக்குகள் திடீரென்று கண் கூசும் அளவுக்கு எரிந்து, சில மங்கினால், வெளியே நியூட்ரல் அறுந்திருக்கலாம். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட்டை நெருங்கி வரும் ஆபத்து உண்டு. உடனே மெயினை அணைத்துவிட்டு மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள். இது 24 மணி நேரமும் இயங்கும் மின் நுகர்வோர் சேவை மையம். மீட்டரில் தீப்பொறி, தாழ்வாகத் தொங்கும் வயர், திறந்த மின்பெட்டி எல்லாவற்றுக்கும் இதே எண்தான். புகார் எண்ணை வாங்கிக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். உரிய நடவடிக்கை இல்லை என்று தோன்றினால் முதல்வரின் உதவி மையத்தை 1100 என்ற எண்ணில் அழைக்கலாம். தீ என்றால் 101.

ஏ.சி., கீசர் என்று சேர்த்துக்கொண்டே போயிருந்தால், உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு எத்தனை கிலோவாட் என்று பாருங்கள். போதாது என்றால் கூடுதல் மின்பளுவுக்கு மின் பகிர்மானக் கழகத்தின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

இதைப் படித்து முடித்ததும் மூன்று வேலை செய்தால் போதும். டி.பி. பெட்டியில் டெஸ்ட் பட்டனைத் தேடி அழுத்துங்கள். எர்த் குழி எங்கே இருக்கிறது என்று வீட்டு உரிமையாளரிடமோ சங்கச் செயலாளரிடமோ கேளுங்கள். மின்னகம் எண்ணை வீட்டில் எல்லாருடைய போனிலும் பதிந்து வையுங்கள். பட்டனே இல்லை, எர்த் குழி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை என்றால், இந்த வாரமே ஒரு எலக்ட்ரீஷியனை வரச் சொல்லுங்கள்.